கல்லெண்ணெய் தேடும் கல்வியும் களப்பயணமும்

திருச்சிராப்பள்ளிக்கு வடகிழக்கே, பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்னும் ஊரருகே, மழைநீர் அரித்து அரித்து ஆயிரம் மடிப்புகளாகப் பிளந்து கிடக்கும் களிமண் மேடுகள் உள்ளன. அங்கே பயிர் ஏறாது, மரமும் அரிது. அந்த வெற்று நிலத்தை நாடி ஆண்டுதோறும் கல்லூரிப் பேருந்துகள் வருகின்றன. கையில் சுத்தியலும் தோளில் துணிப்பையுமாக இறங்கும் மாணவர்கள், குனிந்த தலை நிமிராது மேடும் பள்ளமுமாக நடந்து திரிவதை ஆடு மேய்ப்போர் வியப்புடன் நோக்குவர். "இந்தப் பொட்டல்ல என்னய்யா தேடுறீங்க?" என்று கேட்போரும் உண்டு. அவர்கள் தேடுவது கடலை. ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அவ்விடத்தில் அலை வீசிய கடலை.

மருத்துவம், பொறியியல், சட்டம், ஆசிரியப் பணி ஆகிய வழிகளை நம் இளைஞர் நன்கு அறிவர். நிலவியல் என்றொரு வழி இருப்பதையும், அதன் கிளையாகிய கல்லெண்ணெய் நிலவியல் பல்லாயிரவர்க்கு வாழ்வளித்திருப்பதையும் அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே. இக்கல்வியின் உயிர்நாடி வகுப்பறையில் இல்லை, களத்தில் உள்ளது. அக்களத்தில் கால்வைக்க யாருக்கு வாய்த்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதே இதன் வரலாறு. அதனை இங்குச் சுருங்கக் காண்போம்.

உலகப் புகழ்பெற்ற ஒரு குறுகிய காலப் பயிற்சியிலிருந்தே தொடங்கலாம். 1831-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆடம் செட்ஜ்விக் வடவேல்சு மலைகளை ஆராயப் புறப்பட்டபோது இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவரை உடன் அழைத்துச் சென்றார். பாறை அடுக்கின் சாய்வை அளப்பது எப்படி, கண்டதைக் குறிப்பது எப்படி என்பவற்றை நடந்தவாறே கற்பித்தார். சில நாள்களே நீடித்த அப்பயணம் முடிந்து வீடு திரும்பிய இளைஞருக்குப் பீகிள் என்னும் கப்பலில் உலகைச் சுற்றிவர அழைப்புக் காத்திருந்தது. அவரே சார்லசு டார்வின். அவர் பெற்ற நிலவியற் களப்பயிற்சி பெரும்பாலும் அவ்வளவே. அதனை முதலாகக் கொண்டே தென்னமெரிக்கப் பாறைகளை அவர் எழுதினார். ஆயின் ஒன்றை மறத்தல் ஆகாது. அவர் செல்வம் மிக்க மருத்துவரின் மைந்தர். ஓய்வும் குதிரையும் வழிச்செலவும் உடையோர்க்கே அக்காலத்தில் களம் திறந்திருந்தது.

நம் நாட்டிலும் அவ்வாறே ஆயிற்று. காரை, ஊட்டத்தூர், அரியலூர்ப் பகுதிகளின் புதைபடிவங்களை 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் முதன்முதல் முறையாகத் திரட்டியோர் கே, கன்லிஃப் என்னும் இரு ஆங்கிலேயர். அவர்கள் அனுப்பியவற்றை இலண்டனில் எட்வர்டு ஃபோர்ப்சு ஆராய்ந்து 1846-இல் வெளியிட்டார். பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சார்ந்த பிளான்ஃபோர்டு இந்நிலப்பரப்பை அளந்து, 1862-இல் தம் அறிக்கையை வெளியிட்டார். இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக அவர் பகுத்த பகுப்பு, திருத்தங்களுடன் இன்றளவும் வழக்கில் உள்ளது. சிப்பிகளையும் சங்குகளையும் இனம் பிரித்துப் பெயரிடும் பெரும்பணியை மொராவிய நாட்டவராகிய ஸ்டோலிட்ஸ்கா 1863 முதல் பத்தாண்டுக் காலம் செய்து முடித்தார். 1874-இல் யார்க்கந்துப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் இமயத்தில் உயிர் நீத்தார். அவர்தம் உழைப்பைக் குறைத்துக் கூறுதல் அறமன்று. ஆனால் வண்டி ஓட்டியவர், கூடாரம் சுமந்தவர், ஓடையில் இறங்கிக் கல் பொறுக்கியவர் பெயர்கள் அந்த ஏடுகளில் இல்லை. இந்த ஊர்களின் உழைக்கும் மக்களன்றி அவர் வேறு யாராய் இருக்க முடியும்?

1873-இல் ராம் சிங் என்பவர் அத்துறையில் பயிலுநராகச் சேர்க்கப்பட்டார். அடுத்து வேறு சிலரும் சேர்ந்தனர். ஆனால் அலுவலர் நிலைக்கு இந்தியரை உயர்த்துவதா என்ற கேள்வி எழுந்தபோது, துறைத் தலைவராயிருந்த மெட்லிகாட், இயற்கை அறிவியலில் சொந்த ஆய்வு செய்யும் ஆற்றல் இந்தியருக்கு இல்லை என்று கருத்துரைத்தார். 'தகுதி இல்லை' என்னும் இச்சொல் நம் சமுதாயத்தார் செவிக்குப் புதிதன்று. அதனைச் சொன்னவர் மாறலாம், சொல் ஒன்றே.

அதற்கு விடையாக அமைந்தவர் பிரமதநாத் போசு. வங்காளத்தில் 1855-இல் பிறந்த இவர், கில்கிறிஸ்டு உதவித்தொகை பெற்று 1874-இல் இலண்டன் சென்று பயின்றவர். ஓர் உதவித்தொகை ஒருவர் வாழ்வை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கு, பரோடா மன்னரின் உதவியால் 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்ற அண்ணல் அம்பேத்கரை நாம் அறிவோம்; அவருக்கு முன் போசு ஒரு சான்று. 1880-இல் அலுவலர் நிலையில் நியமிக்கப்பெற்ற முதல் இந்தியர் அவரே. இருபது ஆண்டுகளுக்கு மேல் காடும் மலையும் அளந்தார். 1903-இல், பணியில் தமக்குப் பத்தாண்டு இளையவரான ஆலந்து என்னும் ஆங்கிலேயர் தலைமைப் பதவிக்கு உயர்த்தப்படவே, போசு பதவியைத் துறந்தார். மறு ஆண்டு மயூர்பஞ்சு மலைகளில் தாம் கண்ட இரும்புக் கனிமத்தைப் பற்றி ஜம்சேத்ஜி டாட்டாவின் நிறுவனத்திற்கு எழுதினார். ஜாம்ஷெட்பூர் உருக்காலை அங்கு எழுந்ததற்கு அக்கடிதமே வித்தாயிற்று.

போசுக்குப் பின் இருவரைக் குறிப்பிட வேண்டும். ஒருவர் வாடியா. இவர் 1907 முதல் ஜம்முவில் கல்லூரி ஆசிரியராயிருந்தார். ஊர்ப்புறத்திலேயே சிவாலிக் குன்றுகள் இருந்தமையால் அக்குன்றுகளே அவர்க்கு ஆய்வுக்கூடமாயின. மாணவர்க்கென்றே இந்திய நிலவியல் நூலை 1919-இல் எழுதினார். அதன் பின்னரே ஆய்வுத் துறைக்குள் நுழைந்தார். மற்றவர் தஞ்சைத் தரணியில் 1898-இல் பிறந்த எம். எஸ். கிருஷ்ணன். இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு 1951-இல் தலைவரான முதல் இந்தியர் இவர். பெரம்பலூரை அடுத்த சாத்தனூரில், ஏறத்தாழப் பதினெட்டு மீட்டர் நீளத்திற்குக் கல்லாகச் சமைந்து கிடக்கும் அடிமரத்தை 1940-இல் உலகறியச் செய்தவரும் இவரே. இன்று களப்பயணம் வரும் மாணவரெல்லாம் நிழற்படம் எடுத்துக்கொள்ளும் இடம் அது. நிழற்படத்தோடு நின்றுவிடாமல், கரையில் வளர்ந்த மரம் கடற்படிவுக்குள் எவ்வாறு வந்தது என்று கேட்பவனே நிலவியல் மாணவன்.

இனி எண்ணெய்க்கு வருவோம். கல்லெண்ணெய் நிலத்தடியில் குளம்போல் தேங்கி நிற்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. கடலடிச் சேற்றில் புதைந்த நுண்ணுயிர்களின் எச்சம், மேலே படிவு ஏற ஏற ஆழத்திற்குச் சென்று, ஏறத்தாழ 60 முதல் 120 பாகை செல்சியசு வெப்பத்தில் வெந்து எண்ணெயாகிறது. எண்ணெயை ஈனும் அக்களிப்பாறை தாய்ப்பாறை எனப்படும். அங்கிருந்து கசிந்து மேலேறும் எண்ணெய் மணற்பாறையின் நுண்துளைகளில் தங்குகிறது, அது தேக்கப்பாறை. மேலும் ஏறாமல் தடுக்கும் இறுகிய களிப்பாறை மூடியாய் அமைய வேண்டும். இம்மூன்றும் உரிய காலத்தில், உரிய வடிவில் அமைந்தால்தான் எண்ணெய் தங்கும். ஒன்று தவறினும் துளைத்த கிணறு வெறுங்கிணறே.

காரைக் களிமேடுகளின் சிறப்பு இங்கேதான் விளங்கும். காவிரிப் படுகையின் மேற்கு விளிம்பாகிய அரியலூர், பெரம்பலூர் நிலத்தில் தலைகாட்டும் பாறை அடுக்குகள், கிழக்கே சாய்ந்து இறங்கித் தஞ்சை, திருவாரூர், நாகை வயல்களின் அடியில் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்திற்குச் செல்கின்றன. காரையில் நம் காலடியில் கிடக்கும் களியின் உடன்பிறப்பு, டெல்டாவின் ஆழத்தில் சாத்தப்பாடிக் களிப்பாறை என்னும் பெயரோடு கிடக்கிறது. ஆழத்தில் உள்ளதை எவரும் நேரில் காண இயலாது. துளைக்கும் கருவி அரைத்து, சேற்று நீரோடு மேலே அனுப்பும் விரல்நகம் அளவுச் சில்லுகளும், கிணற்றுள் இறக்கும் கருவிகள் வரையும் கோடுகளுமே கிடைக்கும். அச்சில்லைக் கண்டு பாறையை உணர வேண்டுமாயின், அதே பாறையை முழுவடிவில், வெயிலில், ஒரு முறையேனும் கண்டிருக்க வேண்டும். முகம் அறியாதவனுக்கு நிழல் பயன்படாது.

ஆதலின் எண்ணெய்த் தொழில் பெருகப் பெருகக் களப்பள்ளிகளும் பெருகின. அமெரிக்காவில் மிசௌரிப் பல்கலைக்கழகம் 1911-இல் வயோமிங் மலையடிவாரத்தில் தொடங்கிய கோடைக்கால முகாம் நூறாண்டு கடந்து நிற்கிறது. யூட்டா மாநிலத்துப் புக் கிளிஃப்சு என்னும் செங்குத்துப் பாறைச்சுவர்களுக்குப் பெரும் எண்ணெய் நிறுவனங்கள் தம் நிலவியலாரை வான்வழி அனுப்பி, ஒரு வாரம், இரு வாரம் எனக் குறும்பயிற்சி அளித்து வந்துள்ளன. கடற்கரை முன்னேறியும் பின்வாங்கியும் எழுதிய வரிகளை அங்கே கைதொட்டுப் படிக்கலாம். அவர்கள் கடல் கடந்து சென்று காண்பதன் இனத்தைச் சேர்ந்ததை நம் மாணவர் திருச்சியிலிருந்து நகரப் பேருந்தும் நடையுமாகச் சென்று காண இயலும். இதனை நம் கல்லூரிகள் போதிய அளவு உணர்ந்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்தியாவில் அசாமின் திக்பாயில் 1889-இல் எண்ணெய் பாய்ந்தது. 1901-இல் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. ஆயினும் அரைநூற்றாண்டுக் காலம் இத்தொழில் அயல்நாட்டு நிறுவனங்களின் கையிலேயே இருந்தது. சுரங்கம், நிலவியல் கற்பிக்கும் பள்ளி 1926-இல் தன்பாதில் தோன்றியது. திருப்பம் நிகழ்ந்தது 1956 ஆகஸ்டில், எண்ணெய் இயற்கை எரிவாயு ஆணையம் அமைந்தபோது. அமைச்சர் கேசவ தேவ மாளவியா சோவியத் வல்லுநரை வரவழைத்து, இளம் பட்டதாரிகளை அவர்களோடு பாலைக்கும் மலைக்கும் அனுப்பினார். இந்தியாவில் எண்ணெய் இல்லை என்று மேலைநாட்டார் பலர் கூறிவந்த காலம் அது. 1958-இல் காம்பேயிலும், 1960-இல் அங்கலேசுவரிலும், 1974-இல் பம்பாய்க்கு மேற்கே கடலிலும் எண்ணெய் கிடைத்தது. களத்திலேயே கற்றுக் களத்திலேயே தேறிய தலைமுறை அது. அவர்கள் கற்றதைப் பின்வருவோர்க்குக் கற்பிக்க, ஆய்வும் பயிற்சியும் ஒருங்கே நடக்கும் நிறுவனம் 1962-இல் தேராதூனில் அமைந்தது. பின்னாளில் அது மாளவியாவின் பெயரையே தாங்கியது. காவிரிப் படுகையில் 1960-களிலேயே துளையிடத் தொடங்கினாலும், நரிமணம் போன்ற ஊர்களில் எண்ணெய் உறுதியானது 1980-களில்தான்.

குறும்பயிற்சி வகுப்புகளும் களப்பயணத்தின் உடன்பிறப்புகளே. 1927-இல் பிரான்சின் பெசல்பிரான் வயலில் சுலும்பெர்ஜே உடன்பிறந்தார் கண்ட மின்வரைவு முறை இன்று பல கிளைகளாய்ப் பிரிந்துள்ளது. அவ்வரைவைப் படிப்பதும், செயற்கை அதிர்ச்சியால் நிலத்தடி அடுக்கை அறிவதும் பாடத்திட்டத்தில் சில பக்கங்களே இடம்பெறுகின்றன. வேலைக்குத் தேர்வோரோ அவற்றையே முதலிற் கேட்கின்றனர். அந்த இடைவெளியை ஐந்து நாள், பத்து நாள் வகுப்புகள் நிரப்புகின்றன. இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1976-இல் தோன்றி, 2007 முதல் உலக அளவில் நடந்துவந்த ஒரு போட்டி இங்குக் குறிப்பிடத்தக்கது. ஒரு படுகையின் உண்மைத் தரவுகளை ஐவர் கொண்ட மாணவர் குழுவிடம் கொடுத்து, எட்டு வாரங்களில் அங்கே எண்ணெய் இருக்குமா என்று முடிவுகூறச் சொல்வர். வல்லுநர் முன் இருபத்தைந்து மணித்துளிகளில் அதனை எடுத்துரைக்க வேண்டும். பாடநூலை ஒப்பித்துத் தேர்ச்சி பெறுவதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது.

வசதி குறைந்த கல்லூரியில் என்ன செய்வது என்று கேட்கலாம். ஒரு வழி உண்டு. காரைக் களியில் ஒரு கைப்பிடி எடுத்து நீரில் ஊறவிட்டு, மெல்லிய சல்லடையில் கழுவி, எஞ்சியதை உலர்த்தி உருப்பெருக்கியில் நோக்கினால், ஃபொராமினிஃபெரா என்னும் நுண்ணுயிர்களின் ஓடுகள் வேலைப்பாடமைந்த அணிகலன்கள்போலத் தோன்றும். ஒவ்வொரு காலத்திற்கும் உரிய வடிவங்கள் வேறு. கிணற்றுச் சில்லில் இவற்றைக் கண்டே இன்ன ஆழத்தில் இன்ன காலத்துப் பாறை என்று எண்ணெய் நிறுவனங்கள் அறிகின்றன. இதற்கு வேண்டியது தண்ணீர், சல்லடை, ஓர் உருப்பெருக்கி, பொறுமை. இவற்றுள் கடைசியது நம் பிள்ளைகளிடம் குறைவில்லை.

குறைவாக இருப்பது பணம். அதனை மறைத்துப் பயனில்லை. நான் மாணவனாயிருந்த நாளில், என்னுடன் ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர் களப்பயணத்திற்குரிய தொகையைக் கட்ட இயலாமல், காய்ச்சல் என்று விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு விடுதியிலேயே பன்னிரண்டு நாள் கிடந்தார். அவருக்குக் காய்ச்சல் இல்லை. காலணி இல்லை என்று சொல்ல நாணம். களக் குறிப்பேட்டிற்குரிய மதிப்பெண் போயிற்று. வகுப்பில் முதல்வராக வரவேண்டியவர் மூன்றாமிடத்தில் நின்றார். யாம் திரும்பி வந்து எம் குறிப்பேடுகளைக் காட்டினோம். படங்களை அவர் அழகாகப் பெயர்த்து வரைந்துகொண்டார். பாறையை அவர் காணவில்லை. பின்னாளில் நேர்முகத் தேர்வொன்றில் அவர்முன் ஒரு கல்லை வைத்து இது யாது என்று கேட்டார்கள். அவர் அதனைப் பற்றி மறுநாள் என்னிடம் பேசவே இல்லை.

அவர் அறியாத ஒன்றை இன்றைய மாணவர் அறிந்திருக்க வேண்டும். பட்டியல் இனத்தார்க்கென 1944-இல் தொடங்கிய மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டத்தின் 2010-ஆம் ஆண்டு விதிகளில், தொழிற்கல்வி பயில்வோரின் கல்விச் சுற்றுலாவிற்கென ஆண்டுக்கு 1600 ரூபாய் வரை தனியே இடம் இருந்தது. பயணம் படிப்புக்கு இன்றியமையாதது என்று கல்லூரித் தலைவர் சான்று தரவேண்டும் என்பதே நிபந்தனை. அதனைக் கேட்டுப் பெற்றோர் எத்தனை பேர்? விதிகள் பின்னர் மாறின. மாறிய விதியையும் படிக்க வேண்டியவர் நாமே. கல்விச் சங்கங்கள் கட்டணம், நூல், விடுதி ஆகியவற்றுக்கு உதவுவதோடு, களப்பயணச் செலவையும் கட்டணத்தின் ஒரு பகுதியாகவே கருதி வழங்குதல் வேண்டும். நல்ல காலணி ஒன்று, சுத்தியல் ஒன்று, சாய்வுமானி ஒன்று வாங்கிச் சங்கத்தில் வைத்தால் ஆண்டுக்கு நால்வர் பயன்படுத்தலாம். பெண்மக்களை வெளியூர் முகாமுக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரிடம் சங்கத்து மூத்தோர் ஒருவர் நேரில் சென்று பேசினால் பாதித் தயக்கம் நீங்கிவிடும்.

டெல்டா மக்களுக்கு எண்ணெய்க் கிணறுகளைப் பற்றி ஐயமும் சினமும் உண்டு என்பதை நான் மறக்கவில்லை. நெடுவாசலும் கதிராமங்கலமும் 2017-இல் எழுப்பிய குரல் நாடெங்கும் கேட்டது. 2020-இல் தமிழக அரசு தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில பகுதிகளையும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றி, அங்குப் புதிய எண்ணெய் எரிவாயுத் தேடலுக்குத் தடை விதித்தது. அந்த வயல்களில் கூலிக்கு நாற்று நட்டோர் நம்மவர். கிணற்று நீர் கெட்டால் முதலில் துன்புறுவோரும் நம்மவர். எனவே நம் பிள்ளைகள் இக்கல்வி கற்க வேண்டாம் என்பது இதனாற் பெறப்படும் முடிபாகாது. நிறுவனத்தின் வல்லுநர் வரைபடத்தை விரித்துப் பேசும்போது, அவ்வரைபடத்தைப் படித்து எதிர்க்கேள்வி கேட்கத் தெரிந்தவர் ஊரார் பக்கத்திலும் இருத்தல் வேண்டும். நிலத்தடி நீரைத் தேடுவோர்க்கும் இதே கல்விதான் வேண்டும்.

கற்ற கண்ணுக்கும் கல்லாத கண்ணுக்கும் உள்ள வேறுபாட்டிற்கு அண்மைச் சான்று ஒன்றுண்டு. 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் நீர்நிலை ஒன்றில் உருண்டை உருண்டையான பெருங்கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டைகள் என்று செய்தி பரவி, மக்கள் திரள் திரளாக வந்தனர். நிலவியலார் வந்து பார்த்து, அவை அம்மோனைட்டு என்னும் கடல்வாழ் உயிரின் ஓட்டைச் சுற்றிச் சேறு இறுகித் திரண்ட உருண்டைகள் என்று தெளிவாக்கினர். முட்டை இல்லை என்றதும் பலர் ஏமாற்றத்துடன் திரும்பினர். ஊர் நடுவே கடல் இருந்தது என்ற செய்தி அவர்களுக்கு முட்டையைவிடச் சிறியதாகப் பட்டிருக்கிறது!

போக விழைவோர்க்குச் சில செய்திகள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வரும் தை, மாசித் திங்கள்களே காரைக்கு ஏற்ற காலம். மழை களியைக் கழுவிச் சென்றிருக்கும், புதிய படிவங்கள் மேலே தெரியும், வெயிலும் பொறுக்கத் தக்கது. நீர் நிறைய எடுத்துச் செல்க. அங்கிருந்து கருடமங்கலத்துச் சிப்பிச் சுண்ணாம்புக்கல், பெயர் மாற்றப் போராட்டத்தால் 1953-இல் தமிழகம் அறிந்த கல்லக்குடியின் பவளப்பாறை, கல்லங்குறிச்சிச் சுரங்கத்தில் அடுக்கடுக்காய்க் கிடக்கும் பெருஞ்சிப்பிகள், வாரணவாசி அருங்காட்சியகம் எனப் பார்த்து வரலாம். சுரங்கங்களுக்கு முன்னரே எழுதி ஒப்புதல் பெற வேண்டும். படிவங்களைப் பையில் நிரப்பிக்கொண்டு வரவேண்டா. நூற்றெண்பது ஆண்டுகளாக வருவோரெல்லாம் அள்ளிச் சென்றமையால் காரையில் முன்போல் இன்று கிடைப்பதில்லை. கிடந்த இடத்தையும், சாய்வையும், அடுத்திருந்த பாறையையும் குறித்துக்கொண்டு, படத்தை வரைந்துகொண்டு, கல்லை அவ்விடத்திலேயே விட்டு வருக. அடுத்த ஆண்டு வரும் பேருந்தில் இன்னொரு பிள்ளை இருப்பான்.